ஹந்தானை அடிவாரத்தில் படிப்பு

கேள்வி: உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கொழும்பை முதலில் போடுவதா, பேராதனையையா? மலைநாட்டில் படிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: நீங்கள் விரும்பும் பாடம் இரண்டு இடத்திலும் இருந்தால், தயங்காமல் பேராதனையைப் போடுங்கள்.

பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிபெயர்ந்தது. மேலே ஹந்தானை மலை, ஊடே ஓடும் மகாவலி கங்கை, மரநிழலில் பீடங்களும் விடுதிகளும். அழகு மட்டுமல்ல காரணம். பெருநகரில் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பஸ் பிடித்துக் கலைந்துவிடுவார்கள். இங்கே விரிவுரையில் எழுந்த வாதம் விடுதிச் சாப்பாட்டு மேசைவரை தொடரும். சிங்கள, முஸ்லிம், மலையகத் தோழிகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதே பெரிய படிப்பு.

உங்கள் ஊருக்கும் பேராதனைக்கும் பழைய உறவு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் புது மெருகோடு மேடையேற்றியது பேராதனை மாணவர்களைக் கொண்டுதான்.

சிரமங்களும் உண்டு: மழைக்காலத்தில் துணி காயாது. விடியற்காலைக் குளிர் முதல் தவணையில் வாட்டும். நல்ல குடையும் ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துப் போங்கள். மனம் நிறையப் படியுங்கள்.