ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கடைக்காரருக்கு உள்ள பாடம்

வியாபாரப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆஸ்பத்திரியும் தொழில் நடக்கும் ஓர் இடம்தான். அங்கும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கொள்வனவு நடக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, முறைப்பாடும் வருகிறது. நமது கடையில் ஒழுங்கு தவறினால் பணம் போகும். அங்கே தவறினால் உயிர் போகும், மானமும் போகும். அதனால் அங்கே நடந்ததைப் பார்த்து நமது கடையைச் சீர்செய்து கொள்வது புத்திசாலித்தனம். நமது நாட்டில் நடந்த இரண்டு விடயங்களை இங்கே எடுத்துக் கொள்கிறேன்.

குருநாகலில் நடந்தது

குருநாகல் நமக்குத் தூர இடமல்ல. எமது மாத்தளை மாவட்டத்தின் கலேவெலையில் பஸ் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் நடந்ததை நாம் மறக்கவில்லை. அந்தச் சூட்டில், மே 23ஆம் திகதி ‘திவயின’ நாளிதழ் முதற் பக்கத்தில் ஒரு செய்தியைப் போட்டது. முஸ்லிம் டொக்டர் ஒருவர் சிசேரியன் சத்திர சிகிச்சையின்போது 4000 சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்பதே அது. ஓரிரு நாளில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். கட்டாய லீவிலும் அனுப்பப்பட்டார். செய்தி வந்த பிறகு முறைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. குற்றச்சாட்டை நிரூபிக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ஜூன் மாதத்திலேயே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி அவருக்குப் பிணை கிடைத்தது. கட்டாய லீவுக் காலத்துக்கான நிலுவைச் சம்பளம் 2022இல்தான் கைக்கு வந்தது. சுமார் 26 லட்சத்து 75 ஆயிரம் ரூபா. மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில், அத்தியாவசிய மருந்து வாங்கும்படி அந்தப் பணத்தை அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சத்திர சிகிச்சைக் கூடத்தில் டொக்டர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், உதவி டொக்டர், தாதிமார், சிற்றூழியர் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். யாருக்கு, எந்த நாளில், என்ன சிகிச்சை என்பது பதிவேட்டில் ஏறும். ஆகவே சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆளும் இருந்தது, பார்ப்பதற்கு எழுத்தும் இருந்தது. வெளிப்படைத்தன்மை என்பது கள்ளனைப் பிடிக்க மட்டும் உள்ள ஏற்பாடு என்று நினைக்கிறோம். குற்றம் செய்யாதவனைக் காப்பாற்றுவதும் அதுதான்.

இதற்கு ஒரு வருடம் முன்னர், 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கும் இதே கதி நேர்ந்தது. சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி கருத்தடை மாத்திரை என்றார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிய வந்தது. உண்மை வந்து சேர்வதற்குள் கடை போய்விட்டது.

நமது கடையில் நாம் எப்படி?

இனி நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்போம். டொக்டர் ஷாபிக்கு நடந்தது அநியாயம் என்று நாமெல்லோரும் பேசினோம். நமது கடையில் லாச்சியில் காசு குறைந்தால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? மச்சானையா, மருமகனையா, அல்லது ரத்தோட்டையிலிருந்து வரும் சிங்களப் பையனையா, தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பையனையா?

சில வருடங்களுக்கு முன் எமது பகுதிக் கடையொன்றில் நடந்த பிரச்சினையைத் தீர்க்க என்னையும் அழைத்தார்கள். பணம் குறைகிறது என்று வேற்று இனத்துச் சேல்ஸ்மேன் ஒருவரை முதலாளி நிறுத்தி வைத்திருந்தார். சிட்டைகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தோம். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் கடனுக்கு எடுத்த சாமான்கள் கொப்பியில் ஏறாமல் இருந்தன. அந்தப் பையனின் கணக்கு ஒரு ரூபாவும் பிசகாமல் இருந்தது. நிறுத்தி வைத்த நாட்களின் சம்பளத்தையும் கொடுத்து அவரைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். முதலாளியும் சம்மதித்தார். சிட்டை இல்லாதிருந்தால் அந்தப் பையன் வாழ்நாள் முழுவதும் கள்ளன்தான்.

நமது இனத்தவருக்கு நாம் கேட்கும் நீதியை நமது கடையில் மற்றவருக்குக் கொடுக்காவிட்டால், கேட்கும் வாய்க்குப் பலம் இருக்காது.

கொள்வனவில் வந்த கேடு

இரண்டாவது விடயம் 2023இல் வெளியானது. அரச ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கப்பட்ட மனித இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து தரமற்றது என்று கண்டுபிடிக்கப்பட்டது. மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, வழக்கமான பதிவிலிருந்து விலக்களித்து அவசரமாக வாங்கிய மருந்து அது. வழங்கிய நிறுவனம் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்று விசாரணையில் தெரிந்தது. தயாரித்ததாகச் சொல்லப்பட்ட இந்திய நிறுவனமோ தாங்கள் அதை அனுப்பவில்லை என்றது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் எடுக்க வேண்டிய பாடம் வேறு. அவசரம் என்ற ஒரு சொல்லுக்காகச் சோதனையைத் தளர்த்தும் இடத்தில்தான் போலிச் சரக்கு நுழைகிறது. தயாரிப்பாளரிடம் நேரில் ஒரு கேள்வி முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த மருந்து நோயாளியின் உடம்புக்குள் போயிருக்காது.

கடைப்பிடிக்கக் கூடியவை

1. சாமான் வரும்போது பில், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பார்மசி வைத்திருப்போர் மருந்தின் பதிவு இலக்கத்தையும் பாருங்கள். வழமைக்கு மாறாக விலை குறைத்துத் தருபவரிடம் பேசுவதோடு நிற்காமல் ஏஜென்டிடமும் கேளுங்கள்.

2. விலைப்பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வையுங்கள். கேட்டால் பில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இரண்டையும் கேட்கிறது.

3. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். சொந்தக்காரர், வெளியார், ஆண், பெண் என்ற பேதம் சம்பளக் கொப்பியில் இருக்கக் கூடாது. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இது நாம் கொடுக்கும் தர்மமல்ல, அவர்களுடைய உரிமை.

4. முறைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். யார், எப்போது, என்ன என்பது இல்லாத பேச்சு வதந்தி. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுங்கள். விசாரிப்பவர் அந்த விடயத்தில் லாப நட்டம் இல்லாதவராக இருக்கட்டும்.

5. விசாரணைக்காக ஒருவரை நிறுத்தி வைத்தால், குற்றமில்லை என்று தெரிந்தவுடன் நிலுவைச் சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். யார் முன்னிலையில் சந்தேகப்பட்டோமோ அவர்கள் முன்னிலையிலேயே அவர் நிரபராதி என்றும் சொல்லுங்கள். பணத்தைவிட இது பெரிது.

6. முதலாளி எடுக்கும் சாமானும் கொப்பியில் ஏற வேண்டும். கணக்குக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்றால் அந்தக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

இவற்றுக்குக் கம்பியூட்டர் தேவையில்லை. இரண்டு கொப்பியும், இரவில் கடை பூட்ட முன் பதினைந்து நிமிடமும் போதும். திருகோணமலை வீதியில் பெரிய கடை வைத்திருப்பவருக்கும் உக்குவெலையில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கும் இது ஒன்றுதான். நாளைக்கு யாராவது கடை வாசலில் வந்து ஒரு பழியைச் சொன்னால், நமக்காகப் பேசப் போவது அந்தக் கொப்பியும், நாம் நியாயமாக நடத்திய ஊழியர்களும்தான்.