தோட்ட மண்ணைத் திருத்தும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நடப்பெறும் மரக்கன்றுகளுள் பல, அடுத்து வரும் கோடையைத் தாண்டுவதில்லை. தண்ணீர் இன்மையே இதற்குக் காரணம் என்று குடியானவர்கள் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே ஆகும். ஆண்டில் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பிரதேசத்தில், பெய்த நீரைப் பிடித்து வைத்து வேருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும் சக்தி மண்ணில் குன்றியிருப்பது மற்றப் பாதியாகும். மழையைக் கூட்டுதல் மனிதரால் இயலாது. மண்ணின் சக்தியைக் கூட்டுதல் இயலும்.

மண்ணின் இயல்பு

இங்குள்ள மண் பெரும்பாலும் கரிசல், செவல் என இருவகைப்படும். கரிசல் களிமிகுந்தது; மழையில் உப்பிக் கோடையில் ஆழமாக வெடிக்கும். வெடிப்பின் வழியே அடியீரம் ஆவியாகப் போவதுடன், இளங்கன்றின் வேர்களும் அறுபடுகின்றன. இம்மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால், இரும்பும் துத்தநாகமும் இருந்தும் செடிக்கு எட்டுவதில்லை. தளிரின் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். செவலோ, மழை விட்டதும் மேலே ஓடு கட்டும். நீரையும் உரத்தையும் விரைவில் இழக்கும்.

இவ்விரண்டிற்கும் பொதுவான மருந்து மக்கிய எருவாகும். அது கரிசலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. செவலின் துகள்களை ஒன்றுசேர்த்து ஈரத்தை நிறுத்துகிறது.

கூட்டெரு செய்தல்

சாணம் வரட்டியாகவும், பருத்திமார் விறகாகவும் அடுப்பிற்குச் செல்லுமாயின் நிலத்திற்கு மிஞ்சுவது யாது? குப்பைமேட்டில் வெயிலில் காயும் சாணமும் தன் தழைச்சத்தில் ஒரு பங்கைக் காற்றில் இழக்கின்றது. மாட்டு மூத்திரத்திலேயே சாம்பற்சத்தின் பெரும்பகுதி உள்ளது. அதனைத் தொழுவத்து மண்ணில் ஊறவிட்டுச் சேகரித்தல் வேண்டும்.

ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் நிபுணர் இந்தூரில் கையாண்டு 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முறை இக்காலத்திற்கும் ஏற்றதே. வண்டிச் சக்கரத்தின் கீழிட்டு நொறுக்கிய பருத்திமார், களை, சருகு ஆகியவற்றை ஓரடுக்கும், சாணம், மூத்திரமண், சாம்பல் கலந்து மற்றோரடுக்குமாக மூன்றடி உயரத்திற்கு மிகாமல் அமைத்து, பிழிந்த துணியைப் போன்ற ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் ஒருமுறையும், பின்னர் இருமுறையும் புரட்டிவிட, மூன்று மாதங்களில் எரு பக்குவப்படும். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்குமாதலால், மேட்டில் குவியலாக அமைப்பதே நன்று. புல்பூண்டும் நீரும் கிடைக்கும் கார்த்திகையில் தொடங்கினால் மாசியில் எரு கிடைக்கும். அதனை மண்ணால் மூடிப் புரட்டாசி வரை காத்தல் வேண்டும்.

மக்காத சருகை வேரருகே புதைத்தல் தீது. அது மக்கும்பொழுது மண்ணின் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், கறையானையும் வரவழைக்கும்.

கண்மாய் வண்டல்

செவல் நிலத்திற்குக் கண்மாய் வண்டல் பெருந்துணையாகும். கரிசல் தானே களியாதலின், வண்டலால் அதற்கு வரும் நன்மை சிறிதே. வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரிடமே பெறும்படி 2024ஆம் ஆண்டில் அரசு எளிதாக்கியது. புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர் வரை கட்டணமின்றி எடுக்க விதி இடந்தருகிறது. கண்மாய் வற்றியிருக்கும் கோடையில் எடுத்துப் பரப்பி, முதல் மழைக்குப்பின் உழுது கலத்தல் முறை.

கன்று நடுதல்

கோடையிலேயே இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து வெயிலில் ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் பத்துக் கிலோ மக்கிய எருவும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து புரட்டாசியில் நிரப்பி, மழை தொடங்கியபின் கன்றை நடலாம். நட்டபின் தூரைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு, கொழுஞ்சி, ஆவாரை முதலிய தழைகளால் மூடாக்கு இடுக. கரிசலில் மழை விட்டதும் மேலாகக் கொத்தி வெடிப்பை அடைத்துவிடுக. இவ்வட்டாரத்துக் கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 என்னும் சீத்தா இரகம் மானாவாரிக்கு ஏற்றது. ஆயினும் நல்ல இரகமும் நலிந்த மண்ணில் தழைக்காது.

சங்கத்தின் கடமை

களர் நிலமென்று கண்ணால் கண்ட அளவில் ஜிப்சம் வாங்கிக் கொட்டுதல் வீண் செலவு. நிலத்தின் பல இடங்களில் அரையடி ஆழ மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவு பரிசோதனைக்கு அனுப்பியபின்னரே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். தனித்தனியே அலைவதினும், அங்கத்தினர்களின் மண் மாதிரிகளைச் சங்கமே ஒருசேர அனுப்புவதும், வண்டல் ஏற்றும் டிராக்டர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதும் சிக்கனம். வரும் கார்த்திகையில் வீட்டிற்கு ஓர் எருக்குவியல் என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானித்து நிறைவேற்றுமாயின், அதற்கடுத்த பருவத்தில் நடும் கன்றுகள் கோடையைத் தாங்கி நிற்கும் வலிமை பெறும்.