இடுப்பு வலி: படுக்கையா, நடமாட்டமா?

நமது தோட்டங்களில் இடுப்பு வலி என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. கொழுந்தெடுக்கிற பெண்கள், கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள், ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான நோவு இது. வலி வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பேசாம பத்து நாளைக்குப் படு." முன்பு வைத்தியர்களும் அதையேதான் சொல்லி வந்தார்கள். ஆனால் படுத்தால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் மாதச் சம்பளம் குறையும். ஆகவே அந்தப் பத்து நாள் உண்மையிலேயே தேவையா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1986இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இடுப்பு வலியோடு வந்த 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். யாருக்கு எது என்பதை வைத்தியர் தன் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். அப்படிச் செய்தால்தான் வலி குறைந்தவர்களெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து கணக்கைக் கெடுக்க மாட்டார்கள். முடிவு என்ன? 2 நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள், மற்றவர்களை விட 45 வீதம் குறைவு. குணமாவதில் வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

பிறகு 1995இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்து ஆய்வு வெளிவந்தது. அந்த மாநகர ஊழியர் 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு 2 நாள் படுக்கையில். ஒரு குழுவுக்கு முதுகுக்கான உடற்பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு, வலி விடுகிற அளவுக்கு வழமையான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். 3 வாரத்திலும் 12 வாரத்திலும் பார்த்தபோது மூன்றாவது குழுதான் நன்றாக இருந்தது. மெதுவாகக் குணமானவர்கள் படுத்தவர்களே.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. நம்மவர்களின் வழமையான வேலை, ஈரத்தில் வழுக்குகிற மலையில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்குவது. ஹெல்சிங்கி ஆய்வு அதைச் சோதிக்கவில்லை. "நடமாடினால் நல்லது" என்பதை, "வலியோட வந்து முழு நிறையையும் போடு" என்று கங்காணிமாரோ தொரைமாரோ அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. அது வேற, இது வேற. வலி வந்த நாட்களில் சமதரையில் நடக்கலாம், சமைக்கலாம், சின்ன வேலை பார்க்கலாம். மலைக்குத் திரும்பும்போது பை பாதி நிறைந்ததுமே கொட்டிவிட வேண்டும். சில நாளைக்கு இலேசான வேலை கொடுக்கும்படி தலைவர் மூலமாகக் கேட்கலாம். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

அடுத்தது ஸ்கேன். "டிஸ்க் வெலகிருச்சி" என்று கேட்டவுடனேயே பலர் பயந்து, கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். 1994இல் வெளியான ஆய்வொன்றில், இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது! வலியில்லாமல் நடமாடுகிறவர்களுக்கும் படத்தில் கோளாறு தெரியும் என்றால், படத்தை மட்டும் வைத்து வலிக்குக் காரணம் சொல்ல முடியாது.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? இதில்தான் இயன் மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம். வலி என்பது மூளை தருகிற எச்சரிக்கை என்றும், காயம் ஆறிய பிறகும் அது தொடரலாம் என்றும் இப்போது சொல்கிறார்கள். ஒருதரம் லயத்துக்குள் திருடன் வந்து போனால், அப்புறம் இலை விழுந்தாலும் நாய் குலைக்கும் அல்லவா, அது மாதிரி. எல்லாவற்றையும் மூளையின் தலையில் போட்டால் சுமையும் வேலை நேரமும் மறந்து போகும் என்பது இன்னொரு பக்கத்தின் வாதம். என்னைக் கேட்டால் இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் "எல்லாம் மனசுதான், அவ நடிக்கிறா" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. வலி பற்றிய சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்திய விளக்கத்திலேயே, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், தேய்த்துப் பிடித்துவிடுதல் போன்றவற்றை ஏற்றுக்கொள்கிறது. இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் தேய்ப்பு, மின்சாரம் வைத்தல் ஆகியவற்றை வழமையாகச் செய்ய வேண்டாம் என்கிறது. காசு கொடுத்துப் பட்டி வாங்குமுன் இதை யோசிக்கவும். அவுஸ்திரேலியாவில் வலி குணமான 701 பேரிடம் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. படிப்படியாக நடை பழகியவர்களுக்கு வலி திரும்ப வர நடுத்தரமாக 208 நாளானது. மற்றவர்களுக்கு 112 நாள். நம்ம பெண்கள் நாள் முழுக்க நடக்கிறார்களே என்பீர்கள். சுமையோடு மேடு ஏறுவதும் கைவீசி நடப்பதும் ஒன்றல்ல.

இவ்வளவும் சாதாரண இடுப்பு வலிக்குத்தான். இடுப்பு வலியோடு தொடை இடுக்கில் மரத்துப் போனாலும், சிறுநீர் அடைபட்டாலும் அல்லது தெரியாமல் போனாலும், கால் பலமிழந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. இராத்திரியிலும் விடாத வலி, காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் தோட்ட வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய் முள்ளந்தண்டையும் பிடிக்கும். அதற்கான மருந்து அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் இலவசம்.