மாலைக்கண்ணும் வயிற்றுப்போக்கும்

சாமையும் கேழ்வரகும் தின்ற காலத்தில் மலைக்காரர் கண்ணுக்கு ஒரு குறையும் வந்ததில்லை, மரவள்ளி வந்துதான் எல்லாம் கெட்டது என்று ஒரு பேச்சு உண்டு. கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு உட்பட, சாமை விளைந்த மேட்டு நிலங்களை மரவள்ளி பிடித்துக்கொண்டது உண்மைதான். கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. ஆனால் வைட்டமின் ஏ கணக்கில் சாமைக்கும் வெள்ளை மரவள்ளிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். சாமையை அதன் நார்ச்சத்துக்காகத் தின்னுங்கள். கண்ணுக்கு வேண்டியது அதற்குத் தொட்டுக்கொண்ட கீரையிலும், பரங்கியிலும், பழுத்த பப்பாளியிலும், பாலிலும், முட்டையிலும்தான் இருந்தது.

கீரை என்றதும் பொன்னாங்கண்ணி ஞாபகம் வரும். அதைத் தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியுமாம். தெரியாது. நட்சத்திரத்தை மறைப்பது வானத்தின் வெளிச்சம். அதற்குக் கீரை என்ன செய்யும்? கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின். அது சிறுகுடலின் உட்சுவரில்தான் பெரும்பாலும் வைட்டமின் ஏ-ஆக மாறுகிறது. உணவில் 12 மைக்ரோகிராம் இருந்தால் உடலுக்கு 1 கிடைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றும் சேர வேண்டுமானால் பித்தநீர் வேண்டும், கூடவே கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். எண்ணெயே ஆகாது என்று பிரசங்கம் செய்கிறவர்கள் வளரும் குழந்தையின் தட்டுப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. கடைந்த கீரையில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தாளித்துக் கொட்டினால் போதும்.

அடுத்த நம்பிக்கைதான் அதிகம் கெடுதல் செய்வது: வயிறு வேறு, கண் வேறு, வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு முட்டை சூடு, கீரை சேராது, கஞ்சித் தண்ணி மட்டும் கொடு. அடிக்கடி வயிற்றால் போகிற குழந்தைக்குத் தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. நாக்குப்பூச்சி நிறைந்த குடலில் கொழுப்பு சரியாகச் சேராது. கொழுப்போடு சேர்ந்து வரும் வைட்டமினும் வீணாகும். தட்டம்மை கண்டால் கல்லீரலில் சேர்த்து வைத்ததும் கரையும். இதன் மறுபக்கம் பலருக்குத் தெரிவதில்லை. குடலின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அதற்கே வைட்டமின் ஏ தேவை. அது குறைந்த குழந்தைக்கு அடுத்த முறை வயிற்றுப்போக்கு இன்னும் கடுமையாகும். அந்த நேரத்தில் பட்டினி போடுவது இரண்டு நோயையும் வளர்க்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை, வழக்கமான சாப்பாடு, தாய்ப்பால்: இதுதான் வைத்தியம்.

வயிற்றுக்கும் வைட்டமின் ஏ-வுக்கும் உள்ள இந்த உறவுக்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லிமலையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் திருச்சி மாவட்டம். அங்கே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் 15,419 சிறு குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் அந்தப் பிரிவில் இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கும் மற்றத் தொற்றுகளும் சம்பந்தப்பட்ட இறப்புகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. கண்ணுக்கான சத்து என்று நாம் ஒதுக்கி வைத்தது உயிரையே பிடித்து நிறுத்தியது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில் பலன் மிகச் சிறிது. பற்றாக்குறை எங்கே ஆழமோ அங்கேதான் மருந்து பேசும் என்று நான் நினைக்கிறேன்.

பொழுது சாய்ந்ததும் திண்ணையில் இடித்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, பரம்பரைச் சாபம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமி வைட்டமின் ஏ இல்லாமல் உருவாகாது. வெள்ளை விழியில் சோப்பு நுரைபோலத் திட்டுத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தள்ளிப்போட்டால் கருவிழி கரைந்துபோகலாம், அதன்பின் பார்வை திரும்பாது. பரம்பரையாக வரும் விழித்திரை நோயும் உண்டு, அதற்கு வைட்டமின் ஏ கேட்காது. இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. பெரியவர்களுக்கு மாலைக்கண் வந்தால் வயிற்றுக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்: கணைய அழற்சி, குடியால் கெட்ட கல்லீரல், குடலில் நடந்த அறுவை சிகிச்சை.

கேரட்? கேரட் தின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவர் யாருமில்லை. கிட்டப்பார்வை விழியின் நீளத்தால் வருவது.

ஒரு பழைய நம்பிக்கை மட்டும் அப்படியே சரி: மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல். வைட்டமின் ஏ சேமிக்கப்படும் இடமே அதுதான், குடல் அதை மாற்றவும் வேண்டியதில்லை. அதனாலேயே அளவும் வேண்டும். குழந்தைகளுக்கு 9-ஆம் மாதம் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், ஆக 9 தவணை சொட்டு மருந்து அரசே தருகிறது. அதற்கு மேல் கடையில் நாமாக வாங்கிக் கொடுத்தால் தலைவலி, வாந்தி, கல்லீரல் பாதிப்பு வரை போகும். கர்ப்பிணிகளுக்கு ஈரல் தினசரி உணவாகக் கூடாது, கருவைப் பாதிக்கலாம். கீரைக்கும் பரங்கிக்கும் இந்தப் பயம் வேண்டாம். மிஞ்சித் தின்றால் உள்ளங்கை மஞ்சளிக்கும். குறைத்துக்கொண்டால் சில வாரங்களில் சரியாகிவிடும்.