பழைய அவுட்போர்டு மோட்டார்: ஸ்பானரை எடுக்கும் முன்

செப்டம்பர் கடைசியில் வெயில் கொஞ்சம் இறங்கியதும் தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவுக்குப் படகுகள் வர ஆரம்பிக்கும். கோடை முழுக்கத் தொடாமல் கிடந்த படகை டிரெய்லரில் மாட்டி வக்ராவிலிருந்தும் அல் கோரிலிருந்தும் இழுத்து வருவார்கள். ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, ஸ்டார்ட் ஆனாலும் இழுவை இல்லை என்பதுதான் பெரும்பாலும் புகார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வேண்டும், வியாழனுக்குள் முடித்துக் கொடு என்பார்கள்.

கார் கராஜில் கை பழகிய நம் பையன்களுக்கு இது நல்ல தொழில். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைப் புரிந்து வேலை செய்கிறவனைப் படகுக்காரர்கள் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கெடுப்பது ஒரு பழக்கம். "பிளக்கை மாத்து தம்பி, ஓடிரும்" என்று ஃபோர்மேன் சொல்வார். பிளக், பிறகு காயில், பிறகு ஃப்யூவல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாறும். பில் ஏறும், மோட்டார் அப்படியே இருக்கும். இருபது வருட மோட்டாரில் பழுது ஒன்றாக வருவதில்லை. இரண்டு மூன்று சேர்ந்தே வரும். வரிசை தவறாமல் பார்க்கிறவனிடம்தான் அவை சிக்கும்.

முதலில் கேளுங்கள். எத்தனை மாதம் நின்றது? டேங்கில் இருப்பது புது பெட்ரோலா? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, ஆயில் எப்படிப் போகிறது என்பது. பல பழைய மோட்டார்களில் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 50-க்கு 1 கலவை என்றால் 25 லிட்டருக்கு அரை லிட்டர் ஆயில். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும், கார் ஆயில் ஆகாது.

அடுத்தது கம்ப்ரஷன். எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த்தில் மாட்டி, திராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜ் முள் நிற்கும் வரை செல்ஃப் அடியுங்கள். எண்களைச் சீட்டில் எழுதுங்கள். மூன்று சிலிண்டரில் 115, 112, 80 என்று வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி முதலாளியிடம் பேசுங்கள். கார்ப்ரேட்டரைக் கழுவி அந்த 80-ஐ ஏற்ற முடியாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம்.

இனி பெட்ரோல். நின்றுபோன மோட்டாரில் பழுது அதிகமும் இங்கேதான். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்துபோகிற மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பிறகு கை பல்பு. அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாமலே இருந்தால், ஹோஸ் ஏதோ ஒரு இடத்தில் ஏர் இழுக்கிறது, இல்லையென்றால் பல்பின் வால்வு போய்விட்டது. ஓடும்போது பல்பு உள்ளே ஒட்டிச் சப்பையானால் டேங்க் பக்கம் அடைப்பு.

படகு ஓடும்போது செய்கிற ஒரு சோதனை உண்டு, ஆயிரம் ரியால் பார்ட்ஸை மிச்சப்படுத்தும். மோட்டார் மூச்சுத் திணறும் அந்த நேரத்தில் ஒருவர் பல்பை அமுக்கட்டும். உடனே எகிறினால் பழுது பெட்ரோல் வருகிற வழியில். பம்பின் டயாஃப்ரம் மேல் முதல் சந்தேகம். பல்புக்கு அசையாமல் சோக் இழுத்ததும் எகிறினால் ஜெட் அடைப்பு. இரண்டுக்கும் அசையவில்லையா, கரண்ட் பக்கம் போங்கள்.

ஜெட் அடைப்பதில் ஆச்சரியமில்லை. கோடையில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போன்ற பசை மிஞ்சும். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். கிளீனரில் ஊற வைத்துக் காற்றடியுங்கள். பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கார்ப்ரேட்டர் என்றால் மூன்று தனித்தட்டு.

கரண்டுக்கு ஸ்பார்க் டெஸ்டர் வையுங்கள், பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்துப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி. எந்தச் சிலிண்டரிலுமே கரண்ட் இல்லையென்றால், சிடிஐ வாங்க ஓடும் முன் கில் சுவிட்சின் கயிறும் ஸ்டாப் வயரும் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் காயில்தான். எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் பச்சை பூத்திருக்கும், அதையும் சுரண்டுங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். சில நொடியிலேயே இம்பெல்லர் ரப்பர் கருகத் தொடங்கும். இந்த வளைகுடாக் கடலில் உப்பு லிட்டருக்கு சுமார் 40 கிராம், பெருங்கடலில் 35தான். அதனால் தண்ணீர்ப் பாதையும் தெர்மோஸ்டாட்டும் சீக்கிரம் உப்படைத்துக்கொள்ளும். பீச்சும் துளையில் தண்ணீர் மெலிந்தால் இம்பெல்லரைப் பாருங்கள். ஹோஸ் தண்ணீரில் ஐடிலில் மட்டும் ஓட்ட வேண்டும், ரேஸ் பண்ணக் கூடாது. லோடு ஏறினால்தான் தெரியும் பழுதுக்குக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதே வழி. அங்கே எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கார்ப்ரேட்டரைத் தொடாதீர்கள். புரொபெல்லர் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கலாம்.

குமரி, ராமநாதபுரம் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் ஓபிஎம்மில் கை பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. காதுப் பழக்கம் இங்கேயும் உதவும், ஊர் செட்டிங் உதவாது. மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரிய சர்வீஸ் புத்தகத்தின் அளவையே வையுங்கள்.

வேலை நிலவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது கத்தாரில் 2021 முதல் உள்ள விதி. யார்டில் நிற்கும் படகுக்கும் அது பொருந்தும். 2020-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வேறு கம்பெனிக்கு மாற பழைய முதலாளியின் என்ஓசி தேவையில்லை. இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேல் செய்தவர் இரண்டு மாதமும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். படகுக் கம்பெனி ஒன்றில் இடம் கேட்கப் போகும்போது, நீங்கள் பார்த்த மோட்டார்களின் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்: மாடல், புகார், கம்ப்ரஷன் எண்கள், கண்டுபிடித்த பழுது, மாற்றிய பார்ட்ஸ். படகுக்காரரின் பெயரும் போன் நம்பரும் அதில் வேண்டாம்.