மீயொலித் தூய்மையும் பழந்துணிப் பாதுகாப்பும்

முன்னுரை

கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடை பாம்பின் சட்டையை ஒத்தது என்றும், அதன் இழை சென்ற வழியைக் கண் காண இயலாது என்றும் பொருநராற்றுப்படை போற்றுகின்றது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் சுட்டும் ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லாடைகளை அறிஞர் உறையூரோடு பொருத்துவர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நிகழ்த்திய அகழாய்வில் சாயத்தொட்டி வெளிப்பட்டது. தொட்டி எஞ்சியது, அதில் தோய்ந்த துணி எஞ்சவில்லை. இன்று நம்மிடம் எஞ்சியுள்ள பழந்துணிகளைத் தூய்மை செய்ய மீயொலி உதவுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீயொலியின் செயல்

மனிதச் செவி உணரும் ஒலியின் மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதனைக் கடந்த ஒலி மீயொலி எனப்படும். நீர்த்தொட்டியில் இதனைச் செலுத்தினால் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன. அவை உடையும் விசை, பொருளில் ஒட்டிய அழுக்கைப் பெயர்க்கின்றது. அதிர்வெண் குறையக் குறையக் குமிழ் பெரிதாகும், தாக்கமும் வலுக்கும். நகைக்கடைகளில் பொன்னணிகளைத் துலக்க இம்முறையே பயன்படுகின்றது.

துணியின் இயல்பு

பொன்னுக்குப் பொருந்துவது துணிக்கும் பொருந்துமா? திருவரங்கத்தில் திருமேனிக்குச் சாத்தும் பட்டிலும், திருச்சித் தர்காக்களில் அடக்கத்தலத்தின்மேல் விரிக்கும் போர்வையிலும் சரிகை மிளிர்வதைக் காண்கிறோம். நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே மரபுச் சரிகை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும். அக்கறையை நீக்க மீயொலி துணை செய்யக்கூடும். ஆயின், உள்ளிருக்கும் நூல் நைந்திருப்பின் அதே விசை நூலை அறுக்கும், முலாமையும் உரிக்கும்.

கலம்காரித் துணிகளில் இடர் இன்னும் மிகுதி. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாயம், காலப்போக்கில் பருத்தி இழையை அரிக்கின்றது. ஆகவே கறுப்புக் கோடுகளே முதலில் உதிர்கின்றன. இத்தகைய துணியை மீயொலித் தொட்டியில் இடுதல் தகாது.

செய்யத்தக்கன

முதலில் உருப்பெருக்கியால் இழையின் வலிமையை நோக்குதல் வேண்டும். வலைத்துணியை மேலே விரித்து, மென்மையான உறிஞ்சுகருவியால் தூசியை அகற்றலாம். பின்னர் ஒவ்வொரு நிறத்தின்மேலும் நனைந்த பஞ்சை ஒற்றிப் பார்த்தல் வேண்டும். சாயம் பஞ்சில் ஏறினால் நீர் படுதல் கூடாது. மீயொலியைப் பயன்படுத்துவதாயின், உதிர்ந்த இழையொன்றில் முதலில் சோதித்து, வல்லுநரே செய்தல் முறை. 1930இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் போன்ற இடங்களில் அறிவுரை பெறலாம்.

முடிவுரை

சந்தனக் கறையும் விளக்குப் புகையும் அத்துணி வாழ்ந்த வாழ்வின் சான்றுகள். கழுவியபின் அச்சான்றை மீட்க இயலாது. மாணவர்கள் தம் இல்லத்துப் பேழையிலுள்ள பாட்டியின் திருமணப் பட்டை வெளுக்கக் கொடுக்குமுன் இதனை நினைவிற் கொள்க. கஞ்சியிடாத பருத்தித் துணியில் சுருட்டி, ஒளியும் ஈரமும் படாமல் வைத்தலே பல வேளைகளில் போதிய காப்பாகும்.