வளரிளம் பெண்களுக்கு ஒரு வழித்துணை

எட்டு வயதுப் பெண் குழந்தை ஆலய ஆண்டு விழாவில் அஞ்சாமல் மேடையேறித் தோத்திரம் சொல்கிறது. அதே பெண் பதினான்கு வயதில், வீட்டிற்கு வந்தவர் ஒரு கேள்வி கேட்டால் தாயின் முகத்தை நோக்குகிறாள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவளது அறிவு வளர்ந்தே இருக்கிறது. வாய் திறக்கும் துணிவுதான் குறைந்துவிட்டது. "பெண் அடக்கமாக இருக்கிறாள்" என்று நாமும் மகிழ்ந்து விடுகிறோம். அடக்கம் வேறு, அச்சம் வேறு. தன்னை அறிந்தவளிடம் இருப்பது அடக்கம். தன்னை அறியாதவளிடம் இருப்பது அச்சம். அச்சத்தைப் போக்கி, அடக்கத்தைக் காத்து, பொறுப்பேற்கும் ஆற்றலை வளர்ப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் செய்திகள் அவ்வயதில் பல உண்டு. நாற்பது, ஐம்பது பேரை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியைக்குத் தனித்தனியே கேட்க நேரம் இராது. ஆகவே, தாயும் ஆசிரியையும் அல்லாத, வயதில் மூத்த ஒரு பெண்மணியின் துணை தேவைப்படுகிறது. அவரையே 'வழித்துணை' என்கிறோம்.

நம் குடும்பங்களுக்கு இத்தேவை சற்று மிகுதி. தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி ஆகிய ஊர்களில் நாம் சிறு தொகையினர். ஒரு வகுப்பில் நம் பெண் ஒருத்தி மட்டுமே இருப்பது வழக்கம். இரவில் ஏன் உண்பதில்லை என்று விடுதித் தோழியர் கேட்டால், நாணாமலும் பிறர் மனம் நோகாமலும் விடை கூற அவள் தனியாகவே கற்றாக வேண்டியுள்ளது. முன்னே நடந்து காட்டிய அக்காள் ஒருத்தி இருந்தால் அந்தச் சுமை பாதியாகும்.

காவிரிக் கரையில் ஒரு துணை

இவ்வுறவுக்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. சிலப்பதிகாரத்துக் கண்ணகி பன்னிரண்டு வயதில் மணமானவள். மாளிகையை விட்டு வெளியே அதிகம் அறியாதவள். புகாரிலிருந்து புறப்பட்டுச் சிறிது தொலைவு நடந்ததுமே மதுரை எங்குள்ளது என்று கேட்கிறாள். அதன்பின்தான் காவிரியின் வடகரையில் கவுந்தியடிகளின் பள்ளியை அவர்கள் அடைகின்றனர்.

அடிகள் செய்தவற்றை ஓர் ஆசிரியையின் கண்கொண்டு நோக்குவோம். முதலாவது, தாமும் உடன் நடந்தார். வழியைச் சொல்லி அனுப்பியதோடு நிற்கவில்லை. இரண்டாவது, வழியிலுள்ள இடர்களை முன்னரே எடுத்துரைத்தார். வயல்வெளியே செல்லும்போது நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்று அவர் எச்சரிப்பதை, நெல் வயல்களிடையே வாழும் நாம் நன்கு உணர்வோம். மூன்றாவது, தீயோர் இருவர் இழிவாகப் பேசியபோது, இவர்கள் என் மக்கள் என்று முன்னின்றார். நான்காவது, மதுரையில் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்குமுன், அவள் தீங்கற்றவள், முதியவள், நேர்மையும் இரக்கமும் உடையவள் என ஆராய்ந்தார்.

வழி கேட்ட அந்தப் பெண்ணே பின்னர்ப் பாண்டியன் அவையில் தனியே நின்று, சிலம்பைச் சான்றாக வைத்து வழக்குரைத்தாள். இதற்கு இதுவே காரணம் என்று இளங்கோவடிகள் கூறவில்லை. எனினும், இடைப்பட்ட நெடுவழியில் அவளுக்கு வாய்த்த துணையை நாம் மறத்தற்கில்லை.

குரத்தியர் மரபு

இது காப்பியத்தோடு நின்றுவிட்ட செய்தியன்று. கழுகுமலைப் பாறைகளில் குரத்தியர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தி என்றால் பெண் ஆசான். இன்ன குரத்தியின் மாணாக்கி என்று ஆசிரியையின் பெயரால் மாணவி அறியப்படும் வழக்கத்தையும் அங்குக் காண்கிறோம்.

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில், தஞ்சைச் சோழன் முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 9ஆம் நூற்றாண்டினதாகிய அது, கனகவீரக் குரத்தியார் என்பவரையும் அவருடைய 500 மாணாக்கரையும் குறிப்பிடுகிறது. அங்கிருந்த 400 தவத்தியருடன் பிணக்கு நேர்ந்தபோது, அம்மாணாக்கரைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். ஆசிரியை ஒருவர் எத்துணைத் திறமையுடையவராயினும், அவர் பணி நிலைக்க ஊரின் துணை வேண்டும் என்பதே இக்கல்வெட்டு நமக்குத் தரும் பாடம்.

ரிஷியூர்க் குடும்பத்துப் பெண்

அண்மைக் காலத்துச் சான்றாகச் சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்வைக் கொள்ளலாம். அவரது குடும்பம் பழைய தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்தது. 1886இல் மயிலாப்பூரில் பிறந்த அவர் சிறுமியாகவே மணம் முடிக்கப்பெற்று, விரைவிலேயே கணவனை இழந்தார். அக்காலத்தில் அத்தகைய பெண்ணின் வாழ்வு வீட்டின் பின்கட்டோடு முடிந்துவிடும். அவர் தந்தை சுப்பிரமணிய ஐயர் அவ்வாறு விடாமல் அவரைப் படிக்க வைத்தார். தாமும் கைம்பெண்ணாகிய சித்தி வாலாம்பாள் உடனிருந்து தாங்கினார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பலட்சுமி பட்டம் பெற்றார்.

தமக்குக் கிடைத்த துணையை அவர் பிறருக்கும் வழங்கினார். எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு இளம் கைம்பெண்களுடன் தொடங்கிய இல்லம் வளர்ந்தது. பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு மாறியது. வயிறு வளர்ப்பதற்காக உறவினரை அண்டியிருந்த சிறுமியர் அங்கே படித்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்றனர். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குச் சுப்பலட்சுமியே முதல் முதல்வர். துணை நாடி வந்தவள் ஆசிரியையாகி அடுத்த தலைமுறைக்குத் துணையானாள். பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காதிருந்த மாகாணத்தின் குறையும் தணிந்தது. அவர் 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார், 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1969இல் மறைந்தார். நூற்றுக்கணக்கானோர்க்குப் பயன்பட்ட அப்பணி நான்கு பேருடன் தொடங்கியது என்பதை, "நம்மால் என்ன ஆகும்" என்று தயங்குவோர் நினைவிற் கொள்க.

ஆய்வுகள் கூறுவன

இக்காலத்து ஆய்வுகள் இரண்டை இங்குக் காண்போம். அமெரிக்காவில் 1904 முதல் நடைபெற்றுவரும் மூத்தோர்–இளையோர் துணைத் திட்டத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2002இல் வெளிவந்தது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த துணையால் இளையோர் மிகுந்த பயன் பெற்றனர். சில மாதங்களிலேயே அறுந்துபோன துணையாலோ, சிலருக்குத் தன்மதிப்புக் குறைந்தே போயிற்று. நம்மை விட்டுவிட்டார்களே என்று அப்பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது. ஆகவே ஆர்வத்தில் தொடங்கி அறுவடைக் காலத்தில் கைவிடுவதைவிடத் தொடங்காமலிருப்பதே நன்று.

மற்றொன்று மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடத்தப்பட்டு, 2012இல் வெளியானது. இருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுப் பெண்ணே ஊராட்சித் தலைவராக இருந்த ஊர்களில், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பெற்றோர் கொண்டிருந்த ஆசைகளின் வேற்றுமை 25 விழுக்காடு குறைந்தது. பிள்ளைகளிடையே அது 32 விழுக்காடு குறைந்தது. பெண்கள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. கண்ணெதிரே ஒரு பெண் பொறுப்பேற்று நிற்பதே பெரும் பாடம் என்பது இதனால் விளங்கும். தமிழகத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்த நாற்காலிகளில் நாளை அமரவேண்டியவர்கள் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கன

தஞ்சைக் கரந்தையில் நம் ஆதிநாதர் ஆலயம் உள்ளது. மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தீபங்குடியிலும் ஆலயங்கள் உண்டு. இவற்றைச் சார்ந்தே பணியைத் தொடங்கலாம்.

1. காலம்: ஜூன் முதல் அடுத்த மே வரை ஓராண்டு. மாதம் இருமுறை, ஞாயிறு காலை. குறுவை, சம்பா அறுவடை நாட்களிலும் தேர்வு நாட்களிலும் நேரத்தைச் சுருக்கலாம், சந்திப்பை நிறுத்தலாகாது.

2. அளவு: ஒரு மூத்தவருக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள். அதற்கு மேற்பட்டால் அது வகுப்பாகிவிடும்.

3. இடம்: பெற்றோர் அறிய, பலர் வந்து செல்லும் ஆலய மண்டபம் போன்ற திறந்த இடம். பெண் கூறும் செய்தியை ஊரில் பரப்பலாகாது. ஆனால் அவளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரிந்தால் மறைக்கவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098.

4. கேட்டல்: ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முறை ஒன்று உண்டு. வினாவைக் கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாதிருக்க வேண்டும். விரைந்து விடை சொல்பவர்களையே நோக்கினால் மெல்லப் பேசும் பெண் வாய் திறக்கவே மாட்டாள். முதலில் பக்கத்துத் தோழியிடம் சொல்லி, பிறகு மூவர் நடுவில் சொல்லி, அதன்பின் அவையில் சொல்லப் பழக்கினால் தயக்கம் தானே அகலும்.

5. பொறுப்பு: "தைரியமாக இரு" என்னும் அறிவுரையால் தைரியம் வருவதில்லை, செய்து முடித்த செயலால் வருகிறது. விழாவில் அன்னதானக் கணக்கை எழுதட்டும். வங்கிப் படிவத்தைத் தானே நிரப்பட்டும். தெருக்குழாய் பழுதாயின் ஊராட்சிக்கு மனு எழுதட்டும். அக்டோபர் 2 அன்று கிராம சபைக்கு மூத்தவருடன் சென்று, அங்கு நடப்பதைக் குறித்து வரட்டும். கணக்கில் பிழை நேர்ந்தால் பலர் முன் கடியாது, அவளையே கண்டுபிடிக்கச் செய்க.

6. கைமாற்றம்: ஓராண்டு நிறைந்த பெண், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் துணையாகட்டும். தலைமைப் பண்பிற்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை.

இவற்றின் பயன் வெளிப்படும் நாட்கள் மே மாதத்தில் வரும். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மேற்படிப்பா, எந்தக் கல்லூரி, திருமணப் பேச்சா என்பதை வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசுவர். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் செய்வதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால், அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. சட்டமும் பணமும் கதவைத் திறக்கும். "நான் படிக்க விரும்புகிறேன், இன்ன காரணத்தால், இன்ன படிப்பு" என்று தந்தையின் முன் பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டியவள் அப்பெண்ணே. அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல அவளுக்கு ஓராண்டுப் பயிற்சி தேவைப்படலாம். அதை அளிக்கும் கடமை நம்முடையது.

சிந்தனைக்கு

(அ) மாதரியிடம் கவுந்தியடிகள் கண்ட பண்புகள் எவை? நம் ஊரில் அவை உடைய மூத்த பெண்மணிகள் யாவர்?

(ஆ) நம் வீட்டுப் பெண்ணிடம் கடந்த ஒரு மாதத்தில் நாம் எந்தப் பொறுப்பை முழுமையாக ஒப்படைத்தோம்?

(இ) அடக்கம், அச்சம் இவற்றின் வேறுபாட்டை வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.

குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காண்பார்களாக. முதலில் பேசும் வாய்ப்பு வீட்டின் இளைய பெண்ணுக்கே அமையட்டும்.